இராயப்பர் ஊர்க்காரனுக்கு ஏது சாக்கு?

நள்ளிரவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி என்ன?

இரண்டு. சரி.

முதல் சத்தம் எத்தனை மணிக்குப் போட்டாய்?

பொய் சொல்லாதே! காலை எட்டு மணி வரைக்காவது தாங்கியதா உன் கிறிஸ்துமஸ்?

பாலன் பாதத்தை முத்தமிட்ட உதடு அது. முன்வரிசை, பின்வரிசை என்று எல்லாருக்கும் சமாதானம் சொல்லிக் குவிந்த கை அது. ஆறு மணி நேரம் கழித்து, கறிக்குழம்பில் உப்புத் தூக்கல் என்று அதே உதடு என்ன பேசியது? அதே கை தட்டை எந்தப் பக்கம் தள்ளியது?

கேட்டால் காரணங்கள் வரிசை கட்டி நிற்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி நிற்கிற மாதிரி!

தையல்காரர் 24ஆம் தேதி ராத்திரி வரை பையனின் சட்டையைத் தரவில்லை. சிலிண்டர் அன்றைக்கென்று பார்த்துத் தீர்ந்தது. மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்தே ஆகணும் என்று சூப்பர்வைசர் போன் செய்தார். சீட்டுப் பணம் பாக்கி. போதாததற்குத் தூத்துக்குடியிலிருந்து வந்த சித்தப்பா, சாப்பிட உட்கார்ந்த இடத்தில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார்: "இன்னும் கான்ட்ராக்ட்லதான் ஓட்டிக்கிட்டு இருக்கியாப்பா?"

அத்தனையும் நிஜம். ஒன்றைக்கூட நான் இல்லை என்று சொல்லவில்லை.

அதனால் என்ன?

நானும் யோக்கியன் இல்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கேரல் ரவுண்ட்ஸ் முடித்துத் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தேன். டீயில் சர்க்கரை இல்லை. அம்மாவிடம் கத்தினேன். அம்மா பதில் பேசவில்லை. விடியற்காலையிலிருந்து கல்கல் மாவு பிசைந்து வீங்கிப்போன விரலால் சர்க்கரை டப்பாவை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

முப்பது வீட்டு வாசலில் நின்று சமாதானப் பாட்டுப் பாடிவிட்டு வந்தவன் நான்! முப்பத்தோராவது வீடு என் வீடு. அங்கே பாட்டு இல்லை.

அதனால்தான் உன்னிடம் உரிமையோடு கேட்கிறேன். என்ன சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறாய்?

"கொஞ்சம் நிம்மதி கிடைக்கட்டும். அப்புறம் ஒழுங்கா இருக்கேன்."

நிம்மதியா? இந்தப் பக்கத்திலா? எந்த வருஷம் கிடைத்தது, சொல்!

2023 டிசம்பரை மறந்துவிட்டாயா? மிக்ஜாம் புயல் மழை ஊரை முழுங்கியது. வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் இறங்கி வந்தது. எண்ணூர் கழிமுகம் கறுத்தது. படகு கறுத்தது, வலை கறுத்தது, சேற்றில் இறங்கிய கால் கறுத்தது. கூழைக்கடாவின் வெள்ளை இறகுகூடக் கறுத்தது. காட்டுக்குப்பத்துக்காரர்களும் தாழங்குப்பத்துக்காரர்களும் என்ன செய்தார்கள்? பக்கெட்டை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். கையால் அள்ளினார்கள்!

எண்ணெய் வாடை போவதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. ஸ்டார் கட்டினார்கள். குடில் வைத்தார்கள்.

அடுத்த ராத்திரி, 26ஆம் தேதி, நடுநிசியை ஒட்டி, பெரியகுப்பத்துப் பக்கம் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்தது, மூச்சு முட்டியது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனம் ரோட்டுக்கு ஓடியது. பல பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள்.

அந்த இருட்டில், பேசாத பக்கத்து வீட்டுக் கதவை யாரும் தட்டாமல் ஓடினார்களா? ரெண்டு வருஷப் பகை, குழாயடிச் சண்டை, சீட்டுத் தகராறு, இதையெல்லாம் நினைத்துக்கொண்டா ஓடினார்கள்?

தட்டிவிட்டுத்தான் ஓடுவார்கள்! எங்கள் குப்பத்து ஜனத்தை எனக்குத் தெரியும்.

விஷக்காற்றில் முடிந்தது, நல்ல காற்றில் ஏன் முடியாது? ஆபத்தில் வருகிற அன்பு, சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் எங்கே ஒளிந்துகொள்கிறது?

அதனால் நிம்மதிக்குக் காத்திருக்காதே! இங்கே அது வராது. வந்தாலும் வடபழனிக்கு வழி கேட்டுக்கொண்டு போய்விடும்.

"நான் பலமுறை முயற்சி பண்ணிட்டேன். என்னால முடியல."

ஓ, தோற்றுவிட்டாயா? ரொம்ப நல்லது. நீ எந்த ஊர்க்காரன்?

ராயபுரம். யார் பெயர் அது? இராயப்பர் பெயர்! இராயப்பர்புரம்தான் தேய்ந்து ராயபுரம் ஆனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பேதுரு என்கிற அந்த மீன்காரர் பெயரைத்தான் நீ ஆதார் அட்டையில் சுமக்கிறாய். பஸ்ஸின் நெற்றியில் அவர் பெயர் ஓடுகிறது. 1856இல் ரயில் வந்து நின்ற ஸ்டேஷன் பலகையில் அவர் பெயர்.

அவர் யோக்கியதை என்ன தெரியுமா?

பூசையில் நூறு தடவை கேட்டிருப்பாய். ஒன்றை மட்டும் கவனித்தாயா? அவர் கவிழ்ந்தது ஒரு பண்டிகை ராத்திரியில்!

பாஸ்கா. எருசலேம் முழுக்கக் கூட்டம். நல்ல சாப்பாடு. பாட்டுப் பாடிவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறார்கள். விழித்திரு என்கிறார் ஆண்டவர். நம்மாள் தூங்கிவிட்டார்! பண்டிகைச் சாப்பாடு, கண் சொருகியது. உனக்குத் தெரியாத தூக்கமா?

எழுந்ததும் என்ன செய்தார்? கத்தியை உருவினார். ஒரு வேலைக்காரனின் காதை வெட்டினார். தூக்கம் கலைந்த கோபம் யார் மேலே பாய்ந்தது பார்த்தாயா? பெரியவன் மேலே இல்லை. வேலைக்காரன் மேலே!

அப்புறம் பெரிய குருவின் முற்றம். குளிர். கரி நெருப்பு. ஒரு வேலைக்காரப் பெண் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், நீயும் அவர்கூட இருந்தவன்தானே என்று. புயலில் படகு விட்டவன், அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பயந்தான்! ஒரு தடவை இல்லை, மூன்று தடவை மறுத்தான். சேவல் கூவிற்று.

தூக்கம், கோபம், பொய். ஒரே பண்டிகை. ஒரே ராத்திரி.

உன் 25ஆம் தேதிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இப்போது அந்தச் சித்தப்பாவுக்கு வா. நீ கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது கோபம் இல்லை. பயம்! இன்னும் பர்மனென்ட் ஆகவில்லையே, ஊர் என்ன நினைக்கும் என்கிற பயம். அந்த வேலைக்காரப் பெண்ணுக்கு முன்னால் இராயப்பர் பயந்த அதே பயம்தான். சித்தப்பாவிடம் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, சமையல்கட்டுக்குப் போய் மனைவியிடம் சட்டியை உருட்டினாயே, அது என்ன வீரம்?

"ஆமா சித்தப்பா, கான்ட்ராக்ட்தான். பதினொரு வருஷமா உழைச்சுச் சாப்பிடுறேன்." இதைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? ஏன் வாய் வரவில்லை?

உன் கோபத்துக்கு விலாசம் தப்பு!

பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று உனக்கு யார் சொன்னது? அந்த அமோனியா ராத்திரிக்குப் பிறகு எண்ணூர் ஜனம் வீட்டுக்குள் உட்கார்ந்து முணுமுணுத்ததா? ஆலையை மூடு என்று தெருவில் உட்கார்ந்தது. நாள்கணக்கில் உட்கார்ந்தது. பெண்கள் முன்வரிசையில்! கேட்கவேண்டிய இடத்தில் கேட்டது. நீயோ கம்பெனி வாசலில் கும்பிட்டுவிட்டு வந்து, வீட்டு வாசலில் கர்ஜிக்கிறாய்.

அப்புறம் அந்தப் பாட்டில்! பண்டிகை என்றால் சரக்கு என்று எந்த நற்செய்தியில் எழுதியிருக்கிறது? கானா ஊர்க் கல்யாணத்தை இழுக்காதே. அங்கே தண்ணீர்தான் ரசமாயிற்று, பிள்ளையின் ஸ்கூல் பீஸ் இல்லை! இதைப் பற்றி இதற்குமேல் பேசமாட்டேன். உனக்கே தெரியும்.

விழுந்த இராயப்பர் கதைக்கு வருகிறேன். நமக்கு வேண்டியது அதன் பின்பாதி.

உயிர்ப்புக்குப் பிறகு அவர் எங்கே போனார்? தொழிலுக்கு! மீன் பிடிக்கப் போகிறேன் என்றார், ஆறு பேர் கூடப் போனார்கள். ராத்திரி முழுக்க வலை போட்டார்கள். ஒன்றும் படவில்லை. காசிமேட்டில் டீசல் காசுகூடத் தேறாமல் திரும்புகிற விசைப்படகைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அந்த முகம்தான் அவர்களுக்கும்.

விடியும்போது கரையில் ஒருவர் நிற்கிறார். வலப்பக்கம் போடுங்கள் என்கிறார். போட்டார்கள். 153 மீன்! எண்ணியிருக்கிறார்கள் பார். ஏலத்துக்குப் போகிறவன்தான் இப்படி எண்ணுவான். அந்த எண்ணிக்கைக்கு அறிஞர்கள் என்னென்னவோ அர்த்தம் சொல்கிறார்கள். காசிமேட்டு ஆளைக் கேட்டால் ஒரே அர்த்தம்தான்: எண்ணாமல் எப்படி விற்பது?

யார் என்று தெரிந்ததும் இராயப்பர் படகு கரை சேரும்வரை காத்திருந்தாரா? தண்ணீரில் குதித்தார்!

கரையில் கரி நெருப்பு. அதன் மேல் மீன்.

கரி நெருப்பு! யோவான் தன் நற்செய்தியில் இரண்டே இடத்தில்தான் அதைச் சொல்கிறார். மறுத்த இடத்தில் ஒன்று, மன்னிப்புக் கிடைத்த இடத்தில் ஒன்று. எந்த வாடையில் விழுந்தாரோ அதே வாடைக்கு முன்னால் உட்காரவைத்து, முதலில் சாப்பாடு போட்டார் ஆண்டவர். அப்புறம்தான் கேள்வி கேட்டார். மூன்று கேள்வி. நேசிக்கிறாயா என்று மட்டும். ஏன் மறுத்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை.

அது நடந்தது பண்டிகை நாளில் இல்லை. வேலை நாள் காலையில். மீன் வாடையோடு, ஈரத் துணியோடு!

உனக்கு மட்டும் ஏன் பட்டுச் சட்டை போட்டு, ஸ்டார் எரிந்து, கொயர் பாடினால்தான் பக்தி வரும்? டோல்கேட்டில் பஸ்ஸுக்கு இடித்துக்கொண்டு நிற்கும்போது ஏன் வராது? விம்கோ நகர் மெட்ரோ படிக்கட்டில் ஒரு கிழவியின் பையைத் தூக்கும்போது ஏன் வராது?

"நான் அப்படித்தான். என் குணம் அது."

குணமா! உன் பாட்டன் பூட்டன் மசூலா படகு ஓட்டியவன் என்று சொல்லிக்கொள்கிறாயே, அந்தப் படகை எப்படிக் கட்டினார்கள் தெரியுமா?

துறைமுகம் இல்லாத காலம். கப்பல் தூரத்தில் நிற்கும். நடுவே ஆளை முறிக்கிற அலை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த கெட்டியான படகு அந்த அலையில் தாங்காது. நம்மாள் படகில் ஆணியே கிடையாது! பலகையைப் பலகையோடு தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் வளையும். வளைந்து நிமிரும். சரக்கும் ஆளும் கரை சேரும்.

ராயபுரத்துப் புனித இராயப்பர் கோயில் அந்தப் படகுக்காரர்களின் கோயில். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் எழுப்பியது. வளையத் தெரிந்தவன் கட்டியது!

நீ ஆணி அடித்து வைத்திருக்கிறாய். "நான் சொன்னா சொன்னதுதான்" என்று ஓர் ஆணி. "அவன் முதல்ல வரட்டும்" என்று ஓர் ஆணி. அலை வரும்போது எது உடையும்?

கடல் ஓயாது. இந்தக் கரை அதைப் பார்த்துவிட்டது. கட்டி முடியும் நேரத்தில் சென்னைத் துறைமுகச் சுவரை 1881 புயல் உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். சுவர் நின்றது. ஆனால் தெற்கிலிருந்து நகர்ந்து வந்த மணலைச் சுவர் தடுத்தது. தெற்கே மெரினா அகலமாயிற்று. வடக்கே நம் கரையைக் கடல் தின்றது. (காணும் பொங்கலுக்கு மெரினாவில் சுண்டல் சாப்பிடப் போகிறவர்களே, நீங்கள் உட்காருவது எங்களுக்கு வரவேண்டிய மணல்மேல்!) இருந்தும் இங்கே ஜனம் இருக்கிறதா இல்லையா? பாறாங்கல்லைக் கொட்டிய கரையில் நின்றுகொண்டு படகு தள்ளுகிறதா இல்லையா?

மண் போன இடத்தில் நிற்கத் தெரிந்தவனுக்கு, உப்புக் கூடின குழம்புக்கு முன்னால் உட்காரத் தெரியாதா?

எழுந்திரு!

வருஷக் கடைசி ஆராதனைக்குக் காத்திருக்காதே. வாக்குத்தத்தச் சீட்டு எடுத்து, நல்ல வசனம் விழுந்தால் ஆரம்பிக்கலாம் என்று தள்ளிப்போடாதே. போன வருஷச் சீட்டு பீரோ கண்ணாடியில் ஒட்டினபடி இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமல் சொல், பார்ப்போம்!

இப்போதே ஆரம்பி.

முதலில் சமையல்கட்டுக்குப் போ. நேற்று உருட்டின சட்டியை நீ கழுவு. பிரசங்கம் வேண்டாம். மன்னிப்புக்கு அடைமொழி வேண்டாம். கழுவு.

சூப்பர்வைசருக்கு முன்னால் உன் சம்பள பாக்கியைத் தலை நிமிர்ந்து கேள். குரல் உயரவேண்டாம், தலை உயர்ந்தால் போதும்.

அப்புறம் அந்தத் தட்டு.

தெரியும். கேக்கும் கல்கல்லும் முறுக்கும் வைத்து, தெருவில் பதினாறு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாய். பாய் வீட்டுக்குப் போயிற்று. மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டுக்குப் போயிற்று. ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. இரண்டு வருஷமாகப் போகவில்லை. பையன் கேட்டபோது, "அங்க வேணாம்டா" என்றாய். அவன் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பயமாக இருக்கிறதா? வாங்காமல் கதவைச் சாத்திவிட்டால்? தெரு சிரித்தால்?

சாத்தட்டும்! சிரிக்கட்டும்! தண்ணீரில் குதித்த இராயப்பருக்கு, கரையில் என்ன வரவேற்பு இருக்கும் என்று தெரியுமா? தெரியாமல்தான் குதித்தார்.

டப்பாவில் கல்கல் இன்னும் மிச்சம் இருக்கிறது. தட்டைத் துடை. பையனை அனுப்பாதே, நீ போ. அந்த வீட்டு அண்ணன் இந்நேரம் ஷிப்டு முடிந்து வந்திருப்பார். வாசலில் லைட் எரிகிறது.