இடைத்தரகரின் இலாபம் கூடுமா?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கத்தில் வெட்டப்படும் வாழைத்தார், வியாபாரி, லாரிக்காரர், மண்டிக்காரர், சில்லறைக் கடைக்காரர் எனப் பல கைகள் மாறியே நம் வீட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது. இந்த ஏற்றம் ஹலாலா?

சுமப்பதும், காப்பதும், அழுகினால் நட்டத்தை ஏற்பதும் உழைப்பே. அதற்குரிய இலாபம் கூடும். ஆனால், விற்பவரின் அறியாமையிலிருந்து எடுக்கும் இலாபம்? சரக்குடன் வருவோரைச் சந்தைக்கு முன்பே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்தபின் வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையையும் வழங்கினார்கள். விலையை மறைத்தாலோ, ஊராருக்கு இடர் விளைந்தாலோ அது மக்ரூஹ் என்பர் ஹனஃபி மத்ஹபினர்.

"இன்று காந்தி மார்க்கெட் விலை கைப்பேசியிலேயே தெரிகிறதே!" எனலாம். மெய்தான், அறிந்து, மனமொப்பி விற்றால் குறையில்லை. ஆனால் 2020-ல் கொரோனாவால் அந்த மார்க்கெட் அடைக்கப்பட்டு, மொத்தக் காய்கறி வியாபாரம் ஜி கார்னர் மைதானத்துக்குப் போயிற்று. அதுபோன்ற நாட்களில் விவசாயிக்கு விலை தெரிந்தும் பயனென்ன? பழுத்த தார் காத்திருக்காதே! அவருடைய நெருக்கடியைப் பிழிந்தெடுக்கும் இலாபம், ஃபத்வாவில் தப்பினாலும் தக்வாவில் தப்பாது.

ஆகவே, பேரத்தை முடிக்குமுன், "இத்தோட்டம் நம்முடையதாயிருந்தால் இவ்விலைக்குக் கொடுப்போமா?" என்று நம் உள்ளத்தைக் கேட்போமாக! அல்லாஹ் நமக்குத் தூய சம்பாத்தியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.