சுட்டும் விரல்

கூட்ட அறையில் கணினி எப்போது கைகொடுக்கிறது, எப்போது குறுக்கே நிற்கிறது என்ற கேள்வி ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் அழுத்தமாக எழுந்தது. 1973இல் ‘ஆல்டோ’வை உருவாக்கி, ஆளுக்கொரு கணினி என்ற எண்ணத்துக்கு உருக்கொடுத்த இடம் அது. ஆனால் கூடிப் பேசும்போது மக்கள் கணினியை விட்டுவிட்டுக் கரும்பலகையை நாடுவதை அங்குள்ளவர்கள் கவனித்தார்கள். அந்தக் குறையைத் தீர்க்க மார்க் ஸ்டெஃபிக் குழுவினர் அமைத்த அறை ‘கோலாப்’. ஆளுக்கொரு கணினி, எதிரே எல்லோருக்குமான பெரிய திரை. அதுபற்றிய கட்டுரை 1987இல் வெளிவந்தது.

ஒருவர் காண்பதையே அனைவரும் காண வேண்டும் என்பது தொடக்க விதி. அது மிகவும் இறுக்கமாக இருந்ததால் தளர்த்தப்பட்டது. ஒருவர் எழுதுவது, எழுதி முடியும்வரை பிறர் கண்ணில் படாமல் இருக்கலாம் என்றானது. இதன் விலை, டெபோரா டாட்டர் உள்ளிட்டோர் 1991இல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது. ‘காக்நோட்டர்’ என்ற மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள், ஒரே அறையில் இருந்தும் தடுமாறினார்கள். ஒருவர் சுட்டிய பொருள் மற்றவர் திரையில் வேறிடத்தில் இருந்தது, அல்லது வந்தே சேரவில்லை.

சிந்தனையை விட்டு அகலாதது அந்தச் சுட்டல்தான். கரும்பலகையில் வைத்த விரல் பொருளைக் காட்டுகிறது; பிறர் கண்ணைத் திருப்புகிறது; கண்கள் திரும்பினவா என்று சுட்டியவருக்கும் தெரிவிக்கிறது. தனித்திரையில் நகரும் அம்புக்குறி முதல் வேலையை மட்டுமே செய்கிறது.

எழுத்தாளர் ஆ. மாதவன் கதைகளாக்கிய திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில், ஆரியசாலைப் பகுதியில், எல்லோரும் ஒன்றையே பார்ப்பதன் பயனை வணிகம் எப்போதோ அறிந்திருந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே தராசு முள்ளைப் பார்த்தார்கள். விலையில் வாதம் வரலாம், எடையில் வராது. அதே நகரில் 1990இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க்கின் கூட்ட அறைகளிலோ பார்க்கத் திரைகள் பல.

மார்க் வைசர் 1991இல் இதே ஆய்வகத்திலிருந்து வேறொன்றைக் கனவு கண்டார்: தாள் அளவுள்ள கணினிகள் யாருக்கும் சொந்தமில்லாமல், கிறுக்குத்தாள்போல மேசையில் கிடக்கும். நடந்ததோ எதிர்மாறு. மடிக்கணினியைப்போல ‘என்னுடையது’ ஆன பொருள் அலுவலகத்தில் குறைவு.

எனினும் பொதுப்பலகை நியாயமானது என்றும் சொல்லிவிட முடியாது. சுண்ணக்கட்டி யார் கையிலோ, பேச்சும் அவர் வசம். வாய் திறக்கத் தயங்கும் இளையவருக்குத் தனித்திரை இடம் கொடுக்கிறது. தனியே திரட்டி, சேர்ந்து முடிவெடுப்பது நல்ல வழியாகத் தோன்றுகிறது. ஆனால் திரட்டலும் முடிவும் கூட்டத்தில் வரிசையாக வருவதில்லை. பின்னிப் பிணைந்தே வருகின்றன. தயங்குபவரின் குரலா, எல்லோருக்குமான பார்வையா, எதை இழப்பது பெரிது என்பது இன்னும் தீராத கேள்வியே.