காயாத ஈரம்

சென்னையில் மே மாத விடியற்காலை. வெயில் இன்னும் ஏறவில்லை, இலை அசையவில்லை. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர்களில் பாலியெஸ்டர் ‘ட்ரை-ஃபிட்’ சட்டை போட்டவரும் நனைந்திருக்கிறார், பழைய பருத்திப் பனியன் போட்டவரும் நனைந்திருக்கிறார். வெயிலைத் திட்டும் அளவுக்கு நாம் புழுக்கத்தைத் திட்டுவதில்லை.

*

வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை. வியர்வை காய்வதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலிலேயே ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். முகவாயிலிருந்து தரையில் சொட்டும் துளி அநேகமாக எதையும் கொண்டுபோவதில்லை. உப்பும் நீரும் நஷ்டம், அவ்வளவே. ‘இன்னைக்கு நல்லா வேர்த்துச்சு’ என்று நிறைவோடு சொல்கிறோம். எவ்வளவு காய்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

*

பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏழெட்டு சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அரை சதவீதம்கூட இராது. ஈரத்தை வாங்காத நூல் வியர்வையை எப்படி இழுக்கிறது? நூலுக்குள் அல்ல, இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய சந்துகளில். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. தோலருகே துளியாக நின்ற நீர் துணியின் வெளிப்பக்கம் மெல்லிய படலமாகப் பரவுகிறது. பரப்பு கூடினால் சீக்கிரம் காயும். துணியின் வேலை அத்தோடு முடிந்தது. மிச்சம் காற்றின் வேலை.

கடலோர விடியலில் அந்த மிச்சம்தான் நடப்பதில்லை. காற்றே ஈரத்தால் நிறைந்து நிற்கிறது. கடற்காற்று ஊருக்குள் வர நண்பகல் ஆகிவிடும் நாட்கள் உண்டு. ‘உடனே உலரும்’ என்று சட்டையின் அட்டையில் அச்சிடுகிறவர்கள், எந்த ஊரில் என்று சொல்வதில்லை.

*

சேலத்து வெயிலில் கதை வேறு. வியர்த்ததே தெரியாமல் காய்ந்துவிடும். முதுகில் உப்பு பூத்த கோடு மட்டும் சாட்சி. வியர்க்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவது அங்கேதான்.

*

நனைந்த பருத்திக்கு இன்னொரு குணம். கனத்துத் தொங்கும், தோலை உரசும். நெடுந்தூர ஓட்டத்தில் தொடையிடுக்கு புண்ணாகும், ஆண்களுக்கு மார்புக்காம்பில் ரத்தம் கசியும். வாஸலைன் தடவிக்கொண்டு கிளம்புகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள். மாலையில் அரைமணி நேரம் நடக்கிறவருக்கு இதெல்லாம் தேவையில்லை, வீட்டுப் பனியனே போதும். பனியனுக்குப் பேர்போன திருப்பூரிலும் இப்போது பாலியெஸ்டர் விளையாட்டுச் சட்டைகள் தைக்கிறார்கள் என்பதற்காக நாம் எல்லோரும் மாற வேண்டியதில்லை.

*

ஓட்டம் நின்ற பிறகுதான் வியர்வை இன்னும் கொட்டுவது போலிருக்கும். ஓடும்போது நம் வேகமே நமக்கு விசிறி. நின்றதும் விசிறி நின்றுவிடும். உள்ளே சூடு அப்படியே இருக்கும். உடனே உட்காராமல் கொஞ்சம் நடப்பது நல்லது.

*

பாலியெஸ்டர் தண்ணீரை விட்டுவிடும், உடம்பின் எண்ணெய்ப் பசையை விடாது. அதை உண்ணும் நுண்ணுயிர்கள்தான் அந்தச் சட்டைகளில் வீசும் நாற்றத்துக்குக் காரணம். வாசனைக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் திரவம் இழைகளின் மேல் படிந்து, நீர் ஏறும் வழியை மந்தமாக்கும். வியர்வைச் சட்டையைக் கூடையில் சுருட்டிப் போடாமல், வந்த கையோடு உள்புறத்தை வெளியே திருப்பிச் சோப்பில் அலசி, மின்விசிறிக்குக் கீழே கொடியில் போட்டால் போதும்.