ஞானஸ்நானம் சாதியைக் கழுவுமா?

பெங்களூரு ஆஸ்டின் டவுனிலும் அதை ஒட்டிய விவேக்நகரிலும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்கே ஒரே ஆதிதிராவிடப் பாட்டியின் பேரப்பிள்ளைகள் இருவர் பொறியியல் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாரியம்மனைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைக்கும். 2022-இல் 15-லிருந்து 17 சதவீதமாகக் கர்நாடகம் உயர்த்திய ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். வேதத்துக்குப் போன வீட்டுப் பிள்ளையோ பிற்பட்டோருக்கான பிரிவு 1-இல், மற்றப் பிற்பட்ட சாதிகளோடு 4 சதவீதத்துக்குப் போட்டியிட வேண்டும். தெரு ஒன்று, வறுமை ஒன்று, ஊர் பார்க்கும் பார்வையும் ஒன்று. வேறுபடுவது வழிபாடு மட்டுமே. இட ஒதுக்கீடு மனிதனுக்கு நேர்ந்த காயத்துக்கான ஈடு என்றால், அவன் யாரை நோக்கிக் கைகூப்புகிறான் என்று கேட்க அரசுக்கு என்ன உரிமை?

இந்தப் பிரிவினை 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியிலிருந்து வருகிறது. பட்டியல் சாதியினர் இந்துவாக இருக்க வேண்டும் என்றது அது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத்தில் சாதி கிடையாதே, பிறகெதற்குச் சலுகை என்பார்கள். சீக்கிய நெறியும் பௌத்தமும்கூடச் சாதியை ஏற்கவில்லை. ஆனாலும் மதம் சொல்வதை அல்ல, ஊர் செய்வதைப் பார்த்துத்தான் அவர்களைச் சேர்த்தோம். பழங்குடியினர் விஷயத்தில் மதம் ஒரு நிபந்தனையே இல்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த ஒருவருக்கு, கிறிஸ்தவர் என்பதால் அரசின் இலவசப் பங்க் கடை மறுக்கப்பட்டது. அதுதான் சூசை வழக்கு. சாதி தொடர்கிறது என்றால் போதாது, புதிய மதத்திலும் அதன் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும் என்றது 1985-இல் உச்ச நீதிமன்றம். மதம் மாறியதும் அவர் கையிலிருந்த ஊசி மாறவில்லை. அதை விடப் பெரிய சான்று எதற்கு? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் நிற்கிறது. செத்த பிறகும் தொடரும் தீண்டாமை அது. 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு: பட்டியலில் புதியவர்கள் சேர்ந்தால், இருக்கும் தலித்துகளின் பங்கு குறையும். இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். எளியவர் தட்டிலிருந்து எடுத்து எளியவருக்கு வைப்பது நீதியாகாது. ஆகவே எண்ணிக்கைக்கு ஏற்ப மொத்த அளவு உயர வேண்டும். புதியவர்களுக்குத் தனிப் பங்கு வைக்கவும் முடியும்: பட்டியல் சாதிக்குள் உள்ஒதுக்கீடு செய்ய 2024-இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்திருக்கிறது. மதமாற்றம் பெருகும் என்பதோ வலுவற்ற வாதம். இந்துவாக இருந்தால்தான் ஒதுக்கீடு என்று சொல்வதும் நம்பிக்கைக்கு விலை வைப்பதுதானே? அதேநேரம் திருச்சபைகள் அரசை மட்டும் கை காட்டித் தப்பிக்கக் கூடாது. சிறுபான்மைக் கல்லூரிகளில் அவை தாமே நிரப்பும் இடங்களில் முதல் உரிமை தலித் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத்தான். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. சட்டம் செய்ய வேண்டியதை ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே சொல்லிவிட்டது: மூன்றாம் பத்தியை நீக்குங்கள்.