கேள்வியைச் சுமந்து செல்பவர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் '480 நாள்' என்று சொன்னால் போதும், எதைப் பற்றிய பேச்சு என்று தெரிந்துவிடும். 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். நாள் கணக்கு ஏற ஏற, தொழிற்சாலை வாசலில் நிற்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் தெரியும். எப்போது வேலையிலிருந்து 'பிரேக்' கொடுப்பார்கள், எந்த மாதம் கான்ட்ராக்டர் பெயர் மாறும், எப்போது புது வேலை அட்டை வரும் என்பது அந்தக் கணக்கு. அட்டை மாறினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

சட்டம் சொன்னதற்கும் வாசலில் நடப்பதற்கும் நடுவே இருக்கும் இந்த இடத்தில்தான் 'சட்டமும் சமூகமும்' என்ற ஆய்வுத்துறை உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 1964-இல் இதற்கென ஒரு சங்கம் அமைந்தது. 1966-இல் 'லா அண்ட் சொசைட்டி ரிவ்யூ' என்ற இதழ் வந்தது. நம் பக்கத்தில் பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியிலிருந்து 2005 முதல் 'சோஷியோ-லீகல் ரிவ்யூ' வருகிறது. வழக்கறிஞர், சமூகவியலாளர், வரலாற்றாளர், மானுடவியலாளர் எல்லோரும் இத்தகைய இதழ்களில் எழுதலாம். ஒருவர் எழுதியதை வேறு துறைக்காரர் படித்துக் கேள்வி கேட்பார்.

பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கத்துச் சட்டப் பள்ளிகளிலும், திருவள்ளூரை அடுத்த பட்டறைப்பெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரியிலும் படிப்பவர்கள், கற்பிப்பவர்கள், பகலெல்லாம் நீதிமன்றத்தில் நின்றுவிட்டு இரவில் முனைவர் பட்டத்துக்கு எழுதுபவர்கள் என்று இந்த மேற்குப் புறநகரில் பலர் இவ்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புகிறார்கள். "பேப்பர் போடணும் சார்" என்பார்கள். பதவி உயர்வு, பட்டம், நேர்காணல் எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கின்றன. அதில் குறை காண எனக்கு மனமில்லை, வாழ வேண்டுமே. ஆனால் அந்த வேலையை முறையாகச் செய்பவர் தம்மை அறியாமலே ஓர் ஆன்மிகச் சாதனையில் இறங்கியிருக்கிறார் என்று நம்புகிறேன். அதற்கு முன்னோடியான ஒருவர் இதே மண்ணில் பிறந்தார்.

திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் பூந்தமல்லி. வைசியக் குலத்தவர். காஞ்சிப் பேரருளாளப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவதே அவருடைய கைங்கரியம். பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதி உண்டு. மாசி மிருகசீரிடம் அவர் திருநட்சத்திரம். வீசும் கைக்குப் பெருமாள் பேசும் வாய் தந்தான் என்று வைணவ மரபு அவரைக் கொண்டாடுகிறது. இளம் இராமானுசருக்குச் சில ஐயங்கள் இருந்தன. தம் மனத்தில் உள்ளவற்றுக்கு விடை கேட்டு வரும்படி நம்பியிடம் வேண்டினார். ஐயங்கள் இன்னவை என்று அவர் விரித்துச் சொல்லவில்லை. நம்பி அதைச் சுமந்து சந்நிதிக்குப் போனார். ஆறு வார்த்தைகளைச் சுமந்து திரும்பி வந்தார். பெரிய நம்பி என்பவரை ஆசாரியராகப் பற்றுக என்பது அவற்றில் ஒன்று. இராமானுசர் வாழ்க்கை திசை திரும்பியது அந்த விடையால்தான்.

அந்தக் காட்சியில் நம்பி செய்ததை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன். கேள்வி அவருடையதன்று. விடையும் அவருடையதன்று. இரண்டுக்கும் நடுவே ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல் நடந்தார். பெருமாளோடு பேசும் பேறு பெற்றவருக்குத் தம் கருத்தையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல எத்தனை எளிதாக இருந்திருக்கும்!

அந்த நம்பியையே அவர் காலத்து வழக்கம் எப்படி நடத்தியது என்பதையும் மரபு மறைக்காமல் சொல்கிறது. அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்று இராமானுசர் ஆசைப்பட்டு விருந்துக்கு அழைத்தார். இராமானுசர் வீட்டில் இல்லாத வேளையில் நம்பி வந்து உண்டு போனார். இராமானுசரின் மனைவியார் மிச்சத்தை அப்புறப்படுத்தி, இடத்தைத் தூய்மை செய்து, குளித்துவிட்டு வேறு சமைத்தார். இராமானுசர் வருந்தினார். யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் அன்று அந்த வீட்டு அடுக்களையில் நடைமுறையில் இருந்தது. சட்டமும் சமூகமும் படிப்பவர் இந்த நிகழ்ச்சி ஒன்றை வைத்தே நெடுநேரம் சிந்திக்கலாம்.

இன்றைய ஆய்வாளரிடம் வருவோம். ஒரு பெண் தொழிலாளி தம் அட்டை எத்தனை முறை மாறியது என்று சொல்கிறார். ஆய்வாளர் எழுதிக்கொள்கிறார். அந்தப் பெண்ணின் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்பதால் கட்டுரையில் அவர் பெயரை மாற்றுகிறார். நிறுவனத்தின் பெயரையும் நீக்குகிறார். பிறகு கட்டுரையை இதழுக்கு அனுப்பும் வேளையில் தம் பெயரையும் நீக்க வேண்டியிருக்கிறது. மதிப்பாய்வாளருக்கு எழுதியவர் யார் என்று தெரியக்கூடாது. முதல் பக்கத்துப் பெயர், கல்லூரி, நன்றியுரை, 'நான் முன்பு எழுதியது போல' என்ற வரி, கோப்புக்குள் ஒளிந்திருக்கும் அடையாளம், எல்லாம் போக வேண்டும். படிப்பவர் பெயரும் எழுதியவருக்குத் தெரியாது.

சொன்னவர் பெயர் இல்லை, எழுதியவர் பெயர் இல்லை, படிப்பவர் பெயரும் இல்லை. மூன்று பெயர்களும் விலகிய பிறகு அங்கே மிஞ்சுவது சொல்லப்பட்ட செய்தி ஒன்றுதான். அது தன் காலில் நிற்க வேண்டும். சாதியோ பதவியோ கல்லூரியின் புகழோ தாங்கிப் பிடிக்காத ஒரு நிலைக்கு நம் எழுத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது பெரிய துறவு. கோயிலுக்குப் போய் 'நான்' போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். இங்கே அந்த 'நான்' என்ற எழுத்தைக் கை வைத்து அழிக்கிறோம்.

இன்னொரு விதியும் உண்டு. பெரும்பாலான ஆய்விதழ்கள், ஒரு கட்டுரை ஒரு நேரத்தில் ஓர் இதழின் பார்வையில்தான் இருக்கலாம் என்று கேட்கின்றன. அங்கிருந்து பதில் வரும்வரை வேறு கதவைத் தட்டக்கூடாது. அவசரக்காரருக்கு இது கொடுமையாகத் தோன்றும். வேறு புகல் இல்லாமல் ஓரிடத்தில் நிற்பதைச் சரணாகதியின் இலக்கணமாகச் சொன்ன மரபில் வந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

காத்திருப்பு மாதக் கணக்கில் நீளும். ஆவடியில் ரயில் ஏறி சென்ட்ரல் வரை மின்னஞ்சலை எத்தனை முறை திறந்து பார்த்தாலும் அது விரைந்து வராது. வந்தாலும் பெரும்பாலும் மறுப்பாகவோ, 'மேஜர் ரிவிஷன்' என்ற திருத்தப் பட்டியலாகவோதான் வரும். முதல் வாசிப்பில் கோபம் வரும், வரட்டும். சில நாள் கழித்து அதே குறிப்புகளை மறுபடி படித்தால் வேறொன்று கண்ணில் படும். யாரோ ஒருவர், பெரும்பாலும் ஊதியம் பெறாமல், தம் பெயர் வெளிவரப் போவதில்லை என்று தெரிந்தும், நம் முப்பது பக்கத்தை வரி வரியாகப் படித்திருக்கிறார். '17-ஆம் பக்கத்தில் தொழிலாளி சொன்னதும் நீங்கள் எழுதிய முடிவும் ஒத்துப்போகவில்லையே' என்று கேட்டிருக்கிறார். நம் வாழ்க்கையில் எத்தனை பேர் நம் சொல்லை அவ்வளவு கவனமாகக் கேட்டார்கள்? அந்தக் கவனத்தை அருள் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

முகம் பாராத மதிப்பீடு நமக்குப் புதிதன்று. இறையனார் களவியல் என்ற நூலுக்குப் புலவர்கள் கண்ட உரைகளில் எது மெய்யுரை என்று அறிய, வாய் பேசாத சிறுவனான உருத்திரசன்மனை அமரச் செய்து படித்துக் காட்டினார்கள் என்ற வரலாறு நமக்குண்டு. நக்கீரர் உரையைக் கேட்டபோது அவன் சொல்தோறும் மெய்சிலிர்த்துக் கண்ணீர் விட்டானாம். புகழவும் பழிக்கவும் வாயில்லாத ஒருவனிடம் நூலை ஒப்படைக்க நம் முன்னோர் அஞ்சவில்லை.

மறுப்பைப் பற்றி ஒரு செய்தி. இந்தியச் சட்டத்தையும் சாதியையும் பல்லாண்டு ஆராய்ந்த மார்க் கேலன்டர், வசதியுள்ளவர்கள் நீதிமன்றத்தில் ஏன் முந்துகிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். திரும்பத் திரும்ப வழக்காடும் பெரிய நிறுவனத்துக்கு அனுபவமும் பொறுமையும் பணமும் சேர்கின்றன. வாழ்நாளில் ஒருமுறை வழக்காட வருபவருக்கு அவை இல்லை என்பது அதன் மையம். சட்ட இதழ்கள் பல அதை மறுத்தன. 1974-இல் 'லா அண்ட் சொசைட்டி ரிவ்யூ'வில் வந்தது. இன்று அத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அது ஒன்று. மறுத்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர்; அந்தக் கட்டுரைக்கு உரிய வீடு வேறாக இருந்தது.

எழுதியதை இன்னொருவர் மறுபடி படிக்க வேண்டும் என்ற விதி எவ்வளவு கனமானது என்பதைப் பூந்தமல்லியில் இருப்பவர்கள் அறிவார்கள். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் உடனிருந்தவர்களும் கொல்லப்பட்ட வழக்கு பூந்தமல்லித் தனி நீதிமன்றத்தில் நடந்தது. 1998 ஜனவரி 28-இல் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பானது. உச்ச நீதிமன்றம் முழுவதையும் மறுபடி படித்தது. 1999 மே 11-இல் 22 பேரின் தூக்கு நீங்கியது. எஞ்சிய நால்வரின் தண்டனையும் பின்னாளில் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அன்று இறந்தவர்களின் குடும்பத்துத் துயரத்தை எந்தத் தீர்ப்பும் தீர்க்காது. அதை மறந்து இதைச் சொல்லவில்லை. ஒரு கை எழுதியதை இன்னொரு கண் படிக்கும் ஏற்பாடு இல்லாத நாட்டில் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் எண்ணிப் பார்க்கிறேன். மதிப்பாய்வாளர் கேட்கும் சின்னக் கேள்வியும் அந்த ஏற்பாட்டைச் சேர்ந்ததுதான்.

ஆகவேதான் பணம் கட்டினால் சில நாளில் அச்சேற்றித் தரும் போலி இதழ்களைப் பார்த்தால் நெஞ்சு நோகிறது. 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் 2022 விதிகளில் போய்விட்டது. ஆனாலும் அந்தக் கடைகள் மூடவில்லை. அங்கே கட்டுரையை யாரும் படிப்பதில்லை. யாரும் படிக்காமல் அச்சான பக்கத்தில் அந்தப் பெண் சொன்ன 480 நாளும் கேட்பாரற்றுப் புதைந்து போகின்றன. பணத்தை இழப்பதைவிட இது பெரிய பாவம்.

இனி, நம்பியின் வழியில் பாதிதான் நடந்திருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் சந்நிதிக்குப் போனதோடு நின்றிருந்தால் இராமானுசருக்கு என்ன பயன்? அவர் திரும்பி வந்தார். அம்பத்தூரிலும் ஆவடியிலும் கேட்டு வாங்கிய சொற்கள் ஆங்கிலமாகி, பெரும்பாலும் சந்தா கட்டினால் மட்டும் திறக்கும் இதழ்களுக்குள் போய்விடுகின்றன. சொன்னவருக்கு அதிலிருந்து ஒரு வரியும் வருவதில்லை. தம் சொல் எங்கே போனது, யார் கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. மேலே கொண்டு போகிறோம். கீழே கொண்டு வருவதில்லை. இது நேர்மையான ஆய்வாளர்களிடமும் உள்ள குறை. இதழ்களின் விதிமுறைகள் பொதுவாக இதைக் கேட்பதில்லை என்பதால் பலரும் செய்வதில்லை.

ஆகவே, கட்டுரை அனுப்பும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதழ் ஏற்றாலும் மறுத்தாலும், நீங்கள் கண்டதை நாலு பக்கம் தமிழில் எழுதுங்கள். சட்டம் என்ன சொல்கிறது, எங்கே முறையிடலாம், அவர்கள் சொன்னதிலிருந்து உங்களுக்கு என்ன விளங்கியது என்று எளிமையாக எழுதுங்கள். பெரிய எழுத்தில் அச்செடுத்து, உங்களுக்கு நேரம் ஒதுக்கிப் பேசியவர்கள் கையில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். தவறு என்று அவர்கள் எதையாவது சொன்னால், அடுத்த திருத்தத்தில் அதை முதலில் சேருங்கள்.