அரியணையும் வாழ்க்கைத்துணையும்

உயர் பதவியில் இருப்பவருக்கு அவர்தம் வாழ்க்கைத்துணை கூறும் அறிவுரை யாருடைய நலனைக் கருதியது? துணைவரின் நலனையா, அவர் வகிக்கும் பதவியையா, அப்பதவியின் கீழ் வாழும் மக்களையா? அமைதிக் காலத்தில் இவ்வினா எழுவதில்லை. மூன்றும் ஒன்றாகவே தோன்றும். ஆட்சி ஆட்டங்காணும் நாளில்தான் அவை தனித்தனியே பிரிந்து நிற்கின்றன.

கி.பி. 532 சனவரியில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் அத்தகைய நாள் வந்தது. தேர்ப்பந்தயக் கட்சியினரான நீலரும் பச்சையரும் தம் பகை மறந்து, பேரரசர் ஜஸ்டினியனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். ஹாகியா சோபியா தேவாலயம் எரிந்து சாம்பலாயிற்று. 'வெல்க' எனப் பொருள்படும் 'நிக்கா' என்ற முழக்கமே கலகத்தின் பெயராயிற்று. முன்னைய பேரரசர் அனஸ்டாசியஸின் சகோதரி மகன் ஹிப்பேஷியஸுக்கு மக்கள் முடிசூட்ட முனைந்தனர்.

அரண்மனையில், தப்பி ஓடுவதா, நிலைத்து நிற்பதா என்று ஆராய்ந்தனர். அப்போது அரசி தியோடோரா, கப்பல்கள் ஆயத்தமாய் இருப்பினும் அரச கோலத்தைக் களைந்து உயிர்வாழத் தாம் விரும்பவில்லை என்று உரைத்ததாக வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் எழுதுகிறார். சொற்கள் அவர் புனைந்தவையாகவும் இருக்கலாம். ஆயினும் பேரரசர் ஓடவில்லை. படைத்தலைவர்கள் பெலிசாரியஸும் முண்டஸும் பந்தயத் திடலில் புகுந்தனர். அன்று மடிந்தோர் 30,000க்கு மேல் என்பது அவர் தரும் கணக்கு.

இது பதவி ஆசையா, கணவன்பால் கொண்ட பற்றா? நாடக மேடையிலிருந்து அரியணைக்கு உயர்ந்தவர் அதைவிட்டு இறங்க மறுத்தார் என்று ஒரு சாரார் கூறலாம். இடுக்கண் வேளையில் கணவரைத் தாங்கினார் என்று மறு சாரார் போற்றலாம். இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருத்தல் இயலாதா? ஆசை கலந்தது என்பதனாலேயே பற்று பொய்யாகிவிடாது. பிறரை முன்னே தள்ளிவிட்டுத் தான் ஒதுங்குவது வெறும் ஆசை. தியோடோராவோ தம் உயிரையும் பணயம் வைத்தே பேசினார்.

அதே நகரில், அதே நாட்களில் இன்னொரு மனைவியும் இருந்தார். ஹிப்பேஷியஸின் மனைவி மரியா, தம் கணவரைச் சாவின் வழியில் இழுத்துச் செல்கிறார்களே என்று கதறி அவரைப் பற்றிக்கொண்டார். கூட்டம் அவர் பிடியை விலக்கியது. கலகம் ஒடுங்கிய மறுநாள் ஹிப்பேஷியஸ் கொல்லப்பட்டார். உடல் கடலில் எறியப்பட்டது. மரியா கண்டதே மெய்யாயிற்று. எனினும் தியோடோராவின் புகழ் மரியாவுக்கு வாய்க்கவில்லை. வென்ற பக்கத்தின் சொல்லை வீரம் என்றும், தோற்ற பக்கத்தின் சொல்லை அச்சம் என்றும் கொள்வது உலக வழக்கு. விளைவைக் கொண்டு பற்றினை அளப்பது நேர்மையாகுமா?

இடித்துரைப்பதே நட்பின் பயன் என்பது வள்ளுவர் கண்ட நெறி. அவ்வகையில் இருவருமே உண்மைத் துணைவியர். ஒருவர் நில் என்றார்; மற்றவர் போகாதே என்றார். ஆனால் புரோக்கோப்பியஸ் தரும் அரசியின் உரையில், வெளியே நின்ற மக்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஓடாதே என்பது வீரம். கொல்லாதே என்பதும் சேர்ந்திருந்தால் அது அறமாகியிருக்கும்.

இப்பழி முழுவதையும் அரசியின் மேல் ஏற்றுவதும் முறையன்று. ஆணையிடும் உரிமை பேரரசரிடம் இருந்தது. வாள் படைத்தலைவர் கையில் இருந்தது. ஆடவர் செய்த கொடுமைக்கு அருகிலிருந்த பெண்ணின் சொல்லைக் காரணமாக்குவது பழைய வழக்கம். ஜஸ்டினியன் மனைவியின் கருத்தை மறைவாகக் கேட்டவர் அல்லர். 535இல் பதவி விற்பனையைத் தடுத்து இயற்றிய சட்டத்தில் அவரோடு கலந்தாய்ந்ததை வெளிப்படையாகவே குறித்தார். 548இல் தியோடோரா மறைந்தபின், 565இல் தாம் இறக்கும்வரை அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அவர்தம் அன்பை ஐயுறுவதற்கு இடமில்லை. அந்த அன்பின் எல்லை எதுவரை என்பதே நம் வினா.

பேரரசு நம்மிடம் இல்லை. ஆயினும் அலுவலகத்திலோ பொதுமன்றத்திலோ பொறுப்பேற்றவர் வீடு திரும்பி, "விலகட்டுமா, நிற்கட்டுமா?" என்று கேட்கும் மாலைப்பொழுது எந்தக் குடும்பத்துக்கும் வரும். அப்போது இருவர் நலனை மட்டும் எண்ணி விடை கூறுதல் எளிது. அம்முடிவால் துன்புறப் போகும் மூன்றாமவரையும் நினைவூட்டுவதே துணையின் கடமை. இருவருக்குள் அடங்கிவிடும் பற்று இல்லறத்துக்குப் போதுமானதாகத் தோன்றலாம். பொதுவாழ்வுக்கு அது போதாது.