பாதி வழியில் இறங்குகிறவர்

பாரிமுனையில் பஸ் ஏறித் தாம்பரத்துக்கு டிக்கெட் வாங்குகிறீர்கள். சைதாப்பேட்டை தாண்டும்போது வீட்டிலிருந்து போன். ''ஊர்லேர்ந்து மாமா வந்திருக்கார், உடனே திரும்பி வாங்க!'' கிண்டியில் இறங்குகிறீர்கள். இறங்கும்போது கண்டக்டரிடம், ''கிண்டி வரைக்குமான காசை எடுத்துக்கிட்டு மீதியைக் கொடுங்க'' என்று கேட்பீர்களா? கேட்டால் அவர் சொல்லக்கூடிய பதிலை இந்தப் பக்கத்தில் அச்சிட முடியாது.

யாரும் கேட்பதில்லை. இறங்கியது நாம், நஷ்டமும் நமக்கு. ஆனால், அதே நாம் கார் இன்ஷூரன்ஸை வருஷத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, ''மீதிப் பணம் எங்கே?'' என்று சண்டைக்குப் போகிறோம். பஸ்ஸுக்கு ஒரு நியாயம், பாலிசிக்கு ஒரு நியாயமா?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 12,000 ரூபாய் பிரீமியம் கட்டியிருக்கிறார். நூறாவது நாள் காரை விற்றுவிட்டார். எந்த க்ளெய்மும் கேட்டதில்லை. நாள் கணக்குப்படி அவர் அனுபவித்த பாதுகாப்பின் விலை 3,288 ரூபாய். மீதி 8,712 ரூபாய் திரும்ப வர வேண்டும். 2002-ல் வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகளோ வேறு கணக்கு சொல்லின. ஒரு மாதத்துக்குள் விலகினால் 20 சதவிகிதம் நிறுவனத்துக்கு. இரண்டாம் மாதத்தில் 30, மூன்றாவதில் 40, நான்காவதில் 50... இப்படியே ஏறும். நம் ஆள் நான்காவது மாதத்தில் நிற்கிறார். ஆக 6,000 போச்சு. எட்டு மாதம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தால் ஒரு பைசா கிடையாது. இன்னும் நான்கு மாதம் பாக்கி இருக்கும்போதே முழுப் பணமும் கரைந்துவிட்டதாகக் கணக்கு! சொந்த வண்டிச் சேதத்துக்கான கட்டணக் கட்டுப்பாடு 2007-ல் நீங்கிய பிறகும் பல நிறுவனங்கள் இந்த ஏணியை விடவில்லை.

''பகல் கொள்ளை சார் இது!'' என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு.

பாலிசி எழுதுகிற செலவு, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் முதல் நாளே முடிந்துவிடுகிற சமாசாரம். நீங்கள் நூறு நாளில் போனாலும் முந்நூறு நாளில் போனாலும் அது ஒன்றுதான். இன்னொன்று, மழைக்கால வாடிக்கையாளர். 2015 டிசம்பரில் சென்னையில் கார்கள் எப்படி மிதந்தன என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒருவர் அக்டோபர் கடைசியில் பாலிசி எடுக்கிறார். மழை முடிந்து ஜனவரியில் வெயில் வந்ததும், ''போதும், மீதியைக் கொடுங்க'' என்கிறார். நாள் கணக்கில் கொடுத்தால், வருஷத்தின் ஆபத்தான நாட்களை மட்டும் சல்லிசாக வாங்கிக்கொண்டு போகிறார் என்று அர்த்தம். பாக்கி ஒன்பது மாதமும் கட்டுகிறவர்கள் அவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார்கள்.

நம் தெருச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் சேர்ந்து சீட்டு போடுகிறோம். ஏழாவது மாதம் ஒருவர், ''எனக்கு வேண்டாம், கட்டினதைக் கொடுங்க'' என்றால் என்ன ஆகும்? அவர் இடத்துக்கு இன்னொரு ஆள் கிடைக்கிற வரை அத்தனை பேர் கணக்கும் ஆடும். இன்ஷூரன்ஸும் அடிப்படையில் முகம் தெரியாதவர்கள் சேர்ந்து போட்ட சீட்டுதான். நடத்துகிறவர் கோட்டு போட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆகவே, நடுவில் எழுந்து போகிறவர், தான் போவதால் மற்றவர்களுக்கு ஆகிற செலவை வைத்துவிட்டுப் போகட்டும் என்பது தர்மமான பேச்சுதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்தச் செலவு எவ்வளவு என்பதில்தான் சண்டை. இங்கேதான் பஸ் உதாரணம் கவிழ்கிறது. நீங்கள் கிண்டியில் இறங்கிவிட்டாலும் பஸ் தாம்பரம் போயே ஆக வேண்டும். டீசல் குறையாது, டிரைவர் சம்பளம் குறையாது. இன்ஷூரன்ஸில் அப்படி இல்லை. நீங்கள் விலகிய நிமிஷமே உங்கள் விபத்துகளும் உங்களோடு இறங்கிவிடுகின்றன! எட்டு மாதம் கழித்து விலகுகிறவருக்கு மீதி நான்கு மாதத்தில் கார் நொறுங்கினால் நிறுவனத்துக்குப் பத்து பைசா செலவில்லை. சுமக்காத சுமைக்குக் கூலி வாங்குவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதைவிட எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. பழைய பாலிசிப் படிவம் பரண்மேல் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். ரத்து பற்றிய நிபந்தனை பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும். நிறுவனமும் ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம், நீங்களும் ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம். ஆஹா, சம உரிமை! அடுத்த வரிக்கு வாருங்கள். நிறுவனம் விலகினால் உங்களுக்கு நாள் கணக்கில் பணம் திரும்பும். நீங்கள் விலகினால் மேலே சொன்ன ஏணிக் கணக்கு. அதாவது, நீங்கள் மனசு மாறினால் அபராதம். அவர்கள் மனசு மாறினால் அபராதமில்லை.

நிறுவனம் விலகும்போது உங்களுக்கு நஷ்டமே இல்லையா என்ன? ஏழு நாளில் இன்னொரு கம்பெனியைத் தேடி ஓட வேண்டும். ''ஏன் சார் அவங்க ரத்து பண்ணாங்க?'' என்று புது இடத்தில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அந்த அலைச்சலுக்கு ஈடு கிடையாது. கல்யாண மண்டபத்தில் நாம் தேதியை ரத்து செய்தால் அட்வான்ஸ் போகும், சரி. மண்டபக்காரர் ரத்து செய்தால் வெறும் அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிட்டு, ''வேற இடம் பாத்துக்கங்க'' என்றால் பெண்ணைப் பெற்றவர் சும்மா விடுவாரா?

ஒரு வாக்கு கொடுக்கப்படுகிறது. அதிலிருந்து யார் விலகினாலும் விலகலின் விலை ஒன்றாக இருக்க வேண்டும். அல்லது, பலம் உள்ளவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே பலம் குறைந்தவருக்குத்தான் விலை கூட. நான் 'அநியாயம்' என்று சொல்வது இதைத்தான். 2,712 ரூபாய் வித்தியாசத்தைக்கூட மறந்துவிடலாம்.

அதற்காக நம் பக்கமும் எல்லாம் சரி என்று சொல்லவில்லை. ''ஒரு கீறல்கூட விழலை. ஒரு ரூபா க்ளெய்ம் வாங்கலை. அப்போ கட்டின மொத்தக் காசும் தண்டம்தானே?'' என்று கேட்கிற ஆசாமிகள் உண்டு. தெருவில் ராத்திரியெல்லாம் விசில் ஊதிவிட்டு முதல் தேதி வந்து சலாம் போடுகிறாரே கூர்க்கா, அவரிடம், ''இந்த மாசம் திருடனே வரலியேப்பா!'' என்று சம்பளத்தைப் பிடிக்க முடியுமா? நீங்கள் நிம்மதியாகத் தூங்கிய இரவுகள்தான் அந்தச் சம்பளத்துக்கு உங்களுக்குக் கிடைத்த சரக்கு. அந்த நூறு நாளும் கார் நொறுங்கினால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். அந்த 3,288 ரூபாயைக் கேட்க உங்களுக்கும் உரிமை இல்லை.

சரி, இப்போது என்ன நிலைமை? 2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. தனிநபர் பாலிசியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், காரணமே சொல்ல வேண்டாம். ஒரு வருஷம் வரையிலான பாலிசியில், க்ளெய்ம் எதுவும் இல்லையென்றால், மீதி நாட்களுக்கு உரிய பணத்தை விகிதப்படி திருப்பித் தர வேண்டும். நிறுவனமோ, மோசடி நிரூபணமானால் மட்டுமே விலகலாம், அதுவும் ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்து. தராசு கொஞ்சம் நம் பக்கம் சாய்ந்திருக்கிறது. நல்ல காரியம்!

அப்படியானால் அந்த மழைக்கால ஆசாமி? அவரைத் தடுக்க அபராதம்தான் வேண்டும் என்பதில்லை. பன்னிரண்டு மாதம் க்ளெய்ம் இல்லாமல் முடித்தால்தான் 'நோ க்ளெய்ம் போனஸ்'. முதல் வருஷம் 20 சதவிகிதத்தில் ஆரம்பித்து 50 வரை போகும். நடுவில் ஓடுகிறவர் அந்த வருஷத்துப் படியை இழக்கிறார். அடுத்த அக்டோபரில் அவர் திரும்ப வரும்போது, ''வண்டியைக் கொண்டாங்க, பாக்கணும்'' என்பார்கள். இது போதும் என்று நினைக்கிறேன்.

க்ளெய்ம் வாங்கியவருக்குப் பணம் திரும்பாது என்பதும் நியாயமே. சீட்டை முதல் மாதமே தள்ளி எடுத்துக்கொண்டு ராவோடு ராவாக ஊரைக் காலி செய்கிறவரை நாம் என்ன சொல்வோம்? ஆனால், உடைந்த கண்ணாடிக்கு மூவாயிரம் வாங்கியவரும் அறுபதாயிரம் வாங்கியவரும் ஒரே வரிசையில் நிற்பது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை.

இவ்வளவு நேரம் நீங்கள், நிறுவனம் என்று இரண்டு பேரை வைத்தே பேசிவிட்டோம். இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத மூன்றாவது நபர் ஒருவர் இருக்கிறார். ரோட்டைக் கடக்கிற யாரோ. அவருக்கான காப்பீட்டைத்தான் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கி இருக்கிறது. அதனால்தான் வண்டி கைமாறும்போது, வேறு இடத்தில் இன்ஷூரன்ஸ் ஆகிவிட்டது என்று காட்டினால்தான் பழைய பாலிசியை ரத்து செய்ய முடியும் என்று அதே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காக அந்தப் பொடி எழுத்தை மன்னிக்கலாம்.

வேடிக்கையைப் பாருங்கள். கடிதம் எழுதி முறையாக விலகியவரிடம்தான் இத்தனை வருஷமும் கட்டணம் பிடித்தார்கள். ஷோரூமில் முதல் வருஷம் இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டு, அப்புறம் புதுப்பிக்காமலே ஓட்டுகிறவர் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை. மாட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த தடவை 4,000. மாட்டாவிட்டால் ஒன்றுமில்லை. அவர் மோதிவிட்டால் அடிபட்டவர் குடும்பம் யாரிடம் போய் நிற்கும்? கோவை எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், இந்தப் பிரச்னையைப் பார்த்துத்தான் உச்ச நீதிமன்றம் 2018-ல் உத்தரவு போட்டது. அந்த செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருஷம், புது டூவீலருக்கு ஐந்து வருஷம் மூன்றாம் நபர் காப்பீடு மொத்தமாக எடுத்தே ஆக வேண்டும் என்று வந்தது.

உங்கள் காரை விற்கப்போகிறீர்களா? ''பாலிசியை நான் நாளைக்கே எடுத்துடறேன் சார், நீங்க உங்களுதை கேன்சல் பண்ணிக்கங்க'' என்பார் வாங்குகிறவர். சிரித்துக்கொண்டே தலையாட்டுங்கள், ரத்துக் கடிதம் மட்டும் எழுதாதீர்கள். ஆர்.சி-யில் பெயர் மாறுகிற வரை உரிமையாளர் நீங்கள்தான். உச்ச நீதிமன்றம் 2018-ல் அதையும் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் மாறி, அவருடைய புது பாலிசியின் நகல் கைக்கு வந்தபிறகு எழுதுங்கள். பத்து நாள் தாமதமாகலாம். 12,000 ரூபாய் பாலிசியில் பத்து நாளைக்கு 329 ரூபாய் ஆகிறது.